இது ஆரூட்டுது?

எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எண்பது தாண்டிவிட்டது. எந்தப் பொருளைக் கண்டாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இது ஆரூட்டுதுங்க?" விலை கேட்க மாட்டார், எங்கே வாங்கியது என்றும் கேட்க மாட்டார். கல்யாண மண்டபத்தில் பரிமாறும் சாம்பார் வாளி, அடுத்த வீட்டு மதிலில் காயும் போர்வை, பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன மஞ்சப்பை, எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. ஒரு பொருள் யார் வீட்டுது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்பது அவர் எண்ணம். சின்ன வயதில் எனக்கு இது புரிந்ததில்லை. இப்போது அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அருங்காட்சியகங்களுக்குப் போகிறேன்.

நான் பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஊர் சென்னிமலை. அப்பா முப்பது வருடத்துக்கு மேல் குழித்தறியில் போர்வை நெய்தவர். அம்மாயி தறிக்குக் குறுக்குநூலான தார் சுற்றியே கை தேய்ந்தவர். பெரிய அரண்மனைகளும் பெரிய நகரத்து அருங்காட்சியகங்களும் எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் மனசில் நிற்பவை இரண்டு அறை, மூன்று அறை கொண்ட சின்ன இடங்கள். நாம் போய் நின்றபிறகு ஒருவர் எழுந்து வந்து விளக்கைப் போடுவாரே, அந்த மாதிரி இடங்கள்.

அம்மாயியின் கேள்விக்கு முதன்முதலில் நேரான பதில் கிடைத்தது கொடுமணலில். எங்கள் ஊரிலிருந்து மேற்கே அரைமணி நேரப் பயணம், நொய்யலின் வடகரை. கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் மேயும் எருமைகளும்தான் கண்ணில் படும். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. அதற்குப் பிறகு பல முறை தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, கல்வட்டம் போட்ட ஈமக்குழி என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு தொழில் ஊரே மண்ணுக்குள் இருந்து வெளியே வந்தது. படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல், சிவன்மலைப் பக்கத்து நீலக்கல், எங்கள் காடுமேடெல்லாம் கிடக்கும் வெங்கச்சங்கல் இவையெல்லாம் இங்கேதான் மணியாகத் துளை போடப்பட்டன. சூதுபவளத்துக்கான கல் மட்டும் வெகுதூரத்திலிருந்து வந்திருக்கிறது.

நாலைந்து வருடம் முன்பு தொல்லியல் துறை அங்கே மீண்டும் தோண்டியபோது அம்மாயியையும் அழைத்துக்கொண்டு போனேன். பாசிமணிகளை அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை. ஒரு பானை ஓட்டில் கோடு கோடாகக் கீறியிருந்ததைக் காட்டி, "இது என்ன கண்ணு, கோழி கிளறுனாப்பல?" என்றார். அங்கிருந்த ஆய்வு மாணவர் பொறுமையாகச் சொன்னார். அது தமிழி, பழைய காலத்துத் தமிழ் எழுத்து, பானை வைத்திருந்தவர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்தது. இங்கே கிடைத்த ஓடுகளில் கண்ணன் ஆதன் என்று ஒரு பெயர் இருக்கிறது, பண்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது என்றார்.

அம்மாயி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப நம்ம ஊட்டு அண்டாவுல பேர் வெட்டிருக்கற மாதிரியா?" என்று கேட்டார்.

அதே மாதிரிதான். நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுகிறோமே, அதேதான். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் பாத்திரம் பத்து வீடு சுற்றும், திரும்பி வரவேண்டும் என்பதற்காக வெட்டுவது. கண்ணன் ஆதனும் அதற்காகத்தான் கீறியிருப்பான் என்று அம்மாயி முடிவே கட்டிவிட்டார். ஆய்வாளர்கள் வேறு காரணமும் சொல்லக்கூடும். எனக்கு அம்மாயி சொன்னதில் ஒரு குறையும் தெரியவில்லை.

இந்த மணிகளெல்லாம் எங்கே போயின என்று தேடிப் படித்ததில்தான் கேரளக் கடற்கரைக்குப் போகும் ஆசை வந்தது. கொங்கு நாட்டுக் கற்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டு முசிறித் துறைக்குப் போய்க் கப்பல் ஏறின என்பது ஆய்வாளர்கள் கருத்து. அந்தப் பக்கமிருந்து ரோமக் காசு இந்தப் பக்கம் வந்தது. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலும் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸும் திபேரியஸும் அடித்த காசுகள். அதன் பிறகும் அதே ஊரில் இரண்டு முறை கிடைத்தன. கரூர் அமராவதி மணலிலும் ரோமக் காசு பொறுக்கியிருக்கிறார்கள். காசு வந்த வழியே ஒரு முறை நாமும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அரையாண்டு விடுமுறையில் கிளம்பினோம். அம்மாயி, அப்பா, அம்மா, நான். ஈரோட்டில் ரயில் ஏறி ஆலுவாயில் இறங்கினோம்.

வாளையாறு தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை விலகி நிற்பதை அப்பாவுக்குக் காட்டினேன். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகல வாசல் அது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. எங்கள் ஊரில் ஆடி மாதம் கதவைச் சாத்த முடியாமல் அடிக்கும் காற்று இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. "காத்து வர்ற வழியில சனம் போவாதா?" என்றார் அப்பா.

நாங்கள் தங்கியது கொச்சிப் பக்கத்து வைப்பின் தீவின் வடபகுதியில், சேராயில். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காயல். நீளம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர், அகலம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொண்டுவந்து வைத்த வண்டலில் உருவானது என்று சொல்கிறார்கள். அந்த வருடத்தை முதலாகக் கொண்டு புதுவைப்பு என்று ஒரு ஆண்டுக் கணக்கே அங்கே வழங்கியிருக்கிறது. கல்லும் பாறையுமாகக் காலம் தெரியாமல் கிடக்கும் எங்கள் மண்ணில் பிறந்த எனக்கு, பிறந்த வருடம் சொல்லும் மண் என்பது புதிதாக இருந்தது. அம்மாவுக்குப் பிடித்தது பொக்காளி வயல். மழைக்காலத்தில் உப்புத் தாங்கும் நெல், அறுவடை முடிந்ததும் அதே தண்ணீரில் இறால். "நம்ம வாய்க்காத் தண்ணிக்கு அடிச்சுக்கற சனம் இதைப் பாக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே வரப்பில் ரொம்ப நேரம் நின்றார்.

சேராயில் நான் பார்க்க விரும்பியது சாதியை எதிர்த்த சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் பிறந்த வீடு. முசிறி மரபுத் திட்டத்தில் அதை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். சின்ன வீடு. பெரிய மனிதரின் நினைவிடம் என்று நினைத்துக்கொண்டு போனால் தாண்டிப் போய்விடலாம். உள்ளே அவர் படங்கள், எழுத்துகள், வாழ்க்கைக் குறிப்புகள். அம்மாயி வாசலிலேயே நின்று அங்கிருந்த சேச்சியிடம் தன் கேள்வியைக் கேட்டார்.

"இது ஆரூட்டுதுங்க?"

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன், தேவைப்படவில்லை. மலையாளத்தில் 'யாருடைய' என்பதற்கு 'ஆருடெ' என்றுதான் சொல்வார்கள். கொங்குத் தமிழின் ஆரூட்டுதும் அவர்களுடைய ஆருடெயும் கிட்டத்தட்ட ஒரே ஓசை. அந்த அம்மாள் சட்டென்று புரிந்துகொண்டு மலையாளத்தில் சொல்ல ஆரம்பித்தார். அம்மாயி அவருடைய தமிழில் குறுக்குக் கேள்வி போட்டார். முக்கால் மணி நேரம் இருவரும் பேசினார்கள். நான் இடையில் நாலைந்து சொல்தான் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

அவர் சொன்னது இது. 1917 மே 29 அன்று, 27 வயது அய்யப்பன் இதே சேராயில் ஒரு பந்தி போட்டார். அவருடைய சாதியான ஈழவ இளைஞர்கள் சிலர், தீண்டாமைக்கு ஆளான புலையர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பந்தியில் பரிமாறியது சோறும் பலாக்கொட்டையும் கடலையும் சேர்த்துச் செய்த கறியும். அதற்காக அவர் சொந்தச் சாதிக்காரர்களே அவரை விலக்கி வைத்தார்கள், 'புலையன் அய்யப்பன்' என்று பேர் வைத்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பேரை அவர் பெருமையாக ஏற்றுக்கொண்டார். பிற்பாடு கொச்சியில் அமைச்சராகவும் ஆனார். ஒரு வேளைச் சோறு, அதற்கு ஒரு தேதி, ஒரு ஊர், என்ன கறி என்பது வரைக்கும் ஞாபகம். இதை வைத்து ஓர் அருங்காட்சியகம் நடத்த முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க எதுவுமே மிச்சமில்லாத நிகழ்ச்சி அது. இலை குப்பைக்குப் போயிருக்கும், பாத்திரம் கழுவி அவரவர் வீட்டுக்குப் போயிருக்கும். யார் யாரோடு உட்கார்ந்து தின்றார்கள் என்பது மட்டும் நிற்கிறது.

அம்மாயி வெளியே வந்தபிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். காரணம் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை பள்ளிப்புறம் கோட்டை. போர்த்துகீசியர் 1503இல் கட்டியது, இந்தியாவில் இன்னும் நிற்கும் ஐரோப்பியக் கோட்டைகளில் மிகப் பழையது என்கிறார்கள். ஆறு பக்கம், செம்புரைக்கல். 1661இல் டச்சுக்காரர் கைக்குப் போய், 1789இல் திருவிதாங்கூர் ராஜாவுக்கு விலைக்கு வந்தது. அந்த விற்பனையை ஏற்காத திப்பு அந்த வருடக் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்துதான் படை திரட்டிக்கொண்டு திருவிதாங்கூர் அரண்மேல் போனார். அந்தப் படை ஏறிவந்த வழியும் மணி வந்த அதே வழிதான். கோட்டை ரொம்பச் சின்னது, பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தோம்.

காயலைத் தாண்டிப் பறவூர் வழியாகச் சேந்தமங்கலம் போனோம். தீவை விட்டு வந்தாலும் அங்கேயும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆறுதான். அங்கே இருக்கும் யூதத் தொழுகைக்கூடம் இப்போது அருங்காட்சியகம். முற்றத்தில் ஒரு கல் நட்டிருக்கிறது, எபிரேய எழுத்து. 1269இல் இறந்துபோன ஒரு பெண்ணின் கல்லறைக் கல். இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் இதுதான் மிகப் பழையது. பெயர் சாரா, இஸ்ரவேலின் மகள் என்று எழுதியிருக்கிறது. அம்மாயிக்குப் படித்துச் சொன்னேன். "ஆரூட்டுப் புள்ளைன்னு கல்லுலயே எழுதி வெச்சிருக்காங்க பாரு" என்று திருப்தியாகத் தலையாட்டினார். அந்த மக்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் உருவானபின் அங்கே குடிபோய்விட்டார்கள். இடத்தைத் துப்புரவாக வைத்துக்கொள்பவர்கள் வேறு மதத்தவர்கள். ஊரைவிட்டுப் போனவர்களின் பெயரை மிச்சமிருப்பவர்கள் காத்து வைத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே பாலியம். கொச்சி ராஜாவுக்குப் பரம்பரை அமைச்சர்களாக இருந்த பாலியத்து அச்சன்களின் மாளிகை ஒன்று, அந்தக் குடும்பத்துப் பெண்கள் இருந்த, நடுவில் முற்றம் வைத்த நாலுகெட்டு வீடு ஒன்று, இரண்டையும் திறந்து வைத்திருக்கிறார்கள். மரவேலையை அப்பா தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு அந்த மரவேலையை விட வெளியே இருக்கும் சாலைதான் முக்கியமாகப் பட்டது. தாழ்த்தப்பட்டவர்கள் அந்தச் சாலையில் நடக்கக் கூடாது என்று இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்த அதே 1947இன் டிசம்பரில் அதை எதிர்த்துப் பாலியம் சத்தியாகிரகம் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நடந்தது. மாளிகைக்குள் நாலுகெட்டு முற்றத்தின் அழகைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அந்தச் சாலையில் நின்றால்தான் அந்த வீட்டைப் பார்த்ததாக ஆகும். இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பது பாதி பார்த்த மாதிரி.

சேந்தமங்கலத்தில் அப்பாவுக்குக் கிடைத்தது தறி. கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. ஒரு நெசவுச் சங்கத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். தறிச் சத்தம் கேட்டதும் அப்பாவின் நடையே மாறிவிட்டது. நீளவாட்டு நூலைக் காட்டி "பாவு" என்றார். அந்த நெசவாளர் சிரித்துக்கொண்டு "பாவு" என்றார். குறுக்கு நூலைக் காட்டி "ஊடை" என்றார். அவர் "ஊடு" என்றார். அவ்வளவுதான், அப்புறம் இரண்டு பேருக்கும் நாங்கள் யாரும் தேவைப்படவில்லை. பாவை வெளியே நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் விதத்தை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் விடவில்லை. கஞ்சி போடும் தேங்காய்நார்ப் பிரஷ்ஷை வாங்கி அப்பா மோந்து பார்த்தார். எங்கள் ஊர்ப் பாவடியில் விடியற்காலை வரும் அதே புளிச்ச வாசம் என்றார்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த ஊர்த் தறிகள் முழுகிப்போயின. ஓணத்துக்கென்று நெய்து அடுக்கி வைத்திருந்த துணியெல்லாம் சேறு. துவைத்தும் கறை போகாத துணியைக் கிழித்து, கைப்பிடியளவு பொம்மை கட்டி விற்றார்கள். பெயர் சேக்குட்டி. ஒரு சேலையில் 360 பொம்மை வரும். கறை கறையாகவே இருக்கும், அதை மறைக்க மாட்டார்கள். ஒன்றை வாங்கி என் பள்ளிப் பையில் கட்டியிருக்கிறேன். பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் வெள்ளத்தின் கதையைச் சொல்கிறேன். எங்கள் நொய்யலின் கதையையும் சேர்த்துத்தான். கொடுமணலுக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி 1992இல் முடித்தார்கள். பாசனத்துக்காகக் கட்டிய அணையில் சாயத்தண்ணீர் வந்து தேங்கியது. துணி எங்களுக்கும் கறை வைத்திருக்கிறது.

திரும்பும்போது கொடுங்கல்லூர்ச் சாலையில் பட்டணம் என்கிற ஊரைத் தாண்டினோம். 2007 முதல் அங்கே நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடி ஓடுகள், கல்மணிகள், ஒரு மரத் தோணி எல்லாம் கிடைத்தன. முசிறி இருந்த இடம் இதுவாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். பஸ் ஜன்னலில் தெரிந்ததெல்லாம் தென்னையும் வீடுகளும்தான். அம்மாயி தூங்கிவிட்டார். படியூர்க் கல் கடைசியாகக் கைமாறியது இங்கேதான் என்று எழுப்பிச் சொல்ல நினைத்தேன், மனசு வரவில்லை.

ஊர் திரும்பியபின் எனக்கு வேறு மாதிரிப் பசி. நம் பக்கத்துச் சின்ன அருங்காட்சியகங்களை மறுபடி ஒரு சுற்று பார்க்கவேண்டும், இந்த முறை அம்மாயியோடு. கொங்கு நாட்டு ஊர் ஒன்றில் இரண்டு அறை கொண்ட ஒரு காட்சியகம். ஊர்ப் பெயர் வேண்டாம். பொருள்களை அன்பாகத்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எழுதி வைத்திருந்த அட்டைகளைப் பார்த்து எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. ஒன்றின் கீழே 'மர அளவைக் கருவி' என்று இருந்தது. அம்மாயி அதைப் பார்த்ததும், "வள்ளமல்லங்க அது! நாலு படி ஒரு வள்ளம். கூலி இதுலதான் அளப்பாங்க" என்றார். இன்னொன்றில் 'நீர் இறைக்கும் தோல் பை'. அதற்குப் பெயர் தும்பி. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில், சால் என்கிற பெரிய வாளிக்கு அடியில் கட்டியிருப்பார்கள், வால்கயிற்றை விட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வாய்க்காலில் கொட்டும். அப்பா சின்ன வயதில் கவலை மாட்டை வாரிச் சரிவில் இறக்கி ஓட்டியிருக்கிறார். எருதுகள் சரிவில் இறங்கும்போது கயிற்றின்மேல் உட்கார்ந்து போவதைப் பற்றி அவர் அங்கேயே பத்து நிமிடம் பேசினார். அதைக் கேட்க அங்கே நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். அட்டைக்கு அந்தப் பேச்சு வந்து சேரவில்லை.

எதன் கீழேயும் யார் வீட்டுப் பொருள் என்று எழுதவில்லை. எந்தத் தோட்டத்து வள்ளம்? அதில் அளந்து கொடுத்தது யார், முந்தானை ஏந்தி வாங்கியது யார்? வள்ளம் ஒன்றுதான், இரண்டு பக்கமும் நின்றவர்கள் வேறு வேறு. இதை எழுத நாலு வரி போதும். சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், ஆனால் வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு நோட்டோடு அவரவர் பாட்டி தாத்தாவிடம் அனுப்பினால் ஒரே கோடை விடுமுறையில் இந்த வேலையை முடித்துவிடலாம் என்று உறுதியாக நம்புகிறேன். என் வகுப்பில் தொடங்கியும் விட்டேன்.

அடுத்த வாரம் ஈரோட்டில் பெரியார் அண்ணா நினைவகம் போனோம். பெரியார் வாழ்ந்த வீடு அது. படங்களுக்கு முன்னால் அம்மாயி ஒவ்வொன்றாக நின்றார். "எங்க அய்யன் ஈரோட்டுச் சந்தைக்குத் துண்டு கொண்டு போனப்ப இவரு பேச்சைக் கேட்டிருக்காரு. ஊட்டுக்கு வந்து சொல்லுவாரு. சொல்லுவாரு, அவ்வளவுதான்" என்றார். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு இடறியது. அப்போது கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், வெள்ளோடு தாண்டும்போது அவரே ஆரம்பித்தார். "அந்தத் தீவுல சோறு தின்ன கதை சொன்னாங்களே. நம்மூட்டுல தார் சுத்த ஒரு புள்ளை வருவா. என் வயசுதான். தண்ணி கேட்டா நாங்க கொட்டாங்குச்சியிலதான் ஊத்துவோம் கண்ணு. கொட்டாங்குச்சியை வேலித்தடத்துல சொருகி வெச்சிருக்கும். அவளே எடுத்துக்குவா, அவளே கழுவி அங்கயே சொருகிருவா. நானுந்தான் ஊத்துனேன்."

நான் என்ன சொல்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொள்ளும் கதையில் எப்போதும் வறுமை இருக்கும், உழைப்பு இருக்கும். இந்தக் கொட்டாங்குச்சி இருந்ததில்லை. எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் நான் ஒரு கொட்டாங்குச்சியைப் பார்த்ததில்லை. பித்தளைச் செம்பை எல்லாரும் எடுத்து வைக்கிறார்கள். வேலியில் சொருகிய கொட்டாங்குச்சிதான் எங்கள் வீட்டிலிருந்து கொடுக்க வேண்டிய முதல் பொருள் என்று எனக்குத் தோன்றியது. அது கிடைக்காது. எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாயி அப்பாவை அட்டாலிக்கு ஏறச் சொன்னார். பிரித்துக் கட்டி வைத்த தறிச் சாமானுக்குப் பின்னால் ஒரு போசி இருக்கும், எடுங்க மாப்பிள்ளை என்றார். படைமரம், அச்சு, ஒரு சாக்கு நிறையத் தார்க்குச்சி, ராட்டையின் சக்கரம் எல்லாவற்றையும் இறக்கிய பிறகு அது வந்தது. கறுத்துப்போன சின்னப் பித்தளைப் போசி. கழுத்தில் புள்ளி எழுத்தில் ஒரு பெயர். எங்கள் வீட்டுப் பெயர் இல்லை. அந்த அம்மாளுடைய பெயர். அவர்கள் வீட்டாரைக் கேட்காமல் அதை இங்கே எழுத மாட்டேன்.

சாயங்காலம் கஞ்சி வாங்கிக்கொண்டு போக அவர் சொந்தமாகக் கொண்டுவரும் பாத்திரமாம். எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் கொடுக்க மாட்டார்கள் என்பதால். தைப்பூசத் தேர்க் கடையில் தன் கூலிக் காசில் வாங்கி, எழுத்துப் படிக்கத் தெரியாத அவர் கடைக்காரரிடம் சொல்லிப் பெயர் வெட்டிக்கொண்டாராம். கல்யாணமாகிப் போன வாரம் போசியை இங்கேயே விட்டுவிட்டார். திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க யாரும் போகவில்லை. தூக்கிப்போடவும் அம்மாயிக்கு மனசு வரவில்லை. தறிக்குப் பின்னால் வைத்தார், தறி நின்றபோது அதோடு சேர்ந்து அட்டாலிக்கு ஏறியது.

நானும் அப்பாவும் அந்தத் தெருவுக்குப் போனோம். அந்த அம்மாள் இறந்து சில வருடம் ஆகிறது. மகள் குடும்பம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் போன் நம்பர் கொடுத்தார். பேசினேன். என்ன விஷயம் என்று சொல்லி முடிப்பதற்கே எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "எங்க அம்மா பேரு வெட்டியிருக்குதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். கொண்டுவந்து தருகிறோம் என்றேன். வேண்டாமுங்க, ஞாயிற்றுக்கிழமை நாங்களே வருகிறோம் என்றார்.

அம்மா போசியைப் புளி போட்டு விளக்கித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருக்கிறார். இன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து அம்மாயி மூன்று முறை வந்து அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.